வலப்பக்க இண்டிகேட்டர்

எங்கள் வீட்டில் இருப்பது ஒரே வண்டி, என் கணவர் வாங்கிய கியர் பைக். அவர் வேலை செய்யும் தோல் ஷெட் பேரணாம்பட்டில் எங்கள் தெருவிலிருந்து நடந்து போகிற தூரம்தான். என் ஷூ கம்பெனியோ ஆம்பூரைத் தாண்டி நெடுஞ்சாலையில் இருக்கிறது. அதனால் வார நாட்களில் வண்டி எனக்கு, ஞாயிற்றுக்கிழமை அவருக்கு என்று ஏற்பாடு.

கம்பெனி சாலையின் எதிர்ப்பக்கத்தில் இருப்பதால் தினமும் நடுத்திட்டு இடைவெளியில் நின்று வலது பக்கம் திரும்ப வேண்டும். அந்த இடத்தில்தான் எனக்குத் திட்டு விழத் தொடங்கியது. முதலில் ஒரு ஆட்டோக்காரர் கத்திவிட்டுப் போனார். பிறகு எங்கள் கம்பெனி வேன் டிரைவர். கடைசியில் கேட்டில் நிற்கும் செக்யூரிட்டியே நிறுத்திச் சொன்னார்.

"ம்மா, நீங்க ரைட்டு போடாமயே திரும்பி வர்றீங்க. டெய்லி பாக்கறேன்."

"போட்டுட்டுத்தான் வர்றேன் சார்" என்றேன். இறங்கிப் போட்டுக் காட்டினேன். முன்னாலும் பின்னாலும் மஞ்சளாக மினுக்கியது. அவர் தலையை ஆட்டினார், ஆனால் நம்பவில்லை.

அன்று வீட்டில் சொன்னபோது கணவர் வாசலில் நின்ற வண்டியில் சாவியைத் திருப்பி, சுவிட்சைத் தள்ளிப் பார்த்தார். டிக் டிக் என்று சத்தம் வந்தது, விளக்கும் எரிந்தது.

"எனக்கு நல்லாதான எரியுது. உனக்கு மட்டும் இன்னா?"

இந்த ஒரு வரியை அதற்குப் பிறகு எத்தனை முறை கேட்டேனோ. எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஓட்டிக்கொண்டே டேஷில் பார்க்கலாம் என்றால், காலை வெயில் நேராக அந்தக் கண்ணாடியில் விழும். பச்சை விளக்கு எரிகிறதா அணைந்ததா என்று தெரியாது. எதிரே லாரி வரும்போது குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருக்கவும் முடியாது.

மெக்கானிக் கடைக்குப் போனேன். கடைக்காரரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் வண்டியைச் சைடு ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, சுவிட்சைத் தள்ளினார். எரிந்தது.

"நல்லாதானக்கா கீது?"

"ரோட்டுல எரிய மாட்டேங்குது பாய்."

அவர் என்னிடம் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. போனை எடுத்து என் கணவரைக் கூப்பிட்டார். நான் பக்கத்தில் நிற்கும்போதே, "அண்ணே, வண்டியில ஒண்ணும் இல்ல. அக்கா சுவிட்ச முழுசா தள்ளலபோல" என்றார். வண்டியைக் கொண்டுவந்தவள் நான், தினமும் ஓட்டுகிறவள் நான், விளக்கம் மட்டும் அவருக்கு. போனைப் பிடுங்கிச் சாக்கடையில் போட வேண்டும் போல இருந்தது.

விடாமல் மறுபடி போனேன். பல்பை மாற்றினார். எரிந்தது, ரோட்டில் எரியவில்லை. அடுத்த முறை பிளாஷர் போயிருக்கும் என்றார். இண்டிகேட்டரை விட்டு விட்டு மினுக்க வைக்கிற சின்னப் பெட்டிதான் அது. சீட்டுக்கு அடியில் இருந்ததைக் கழற்றிப் புதிதாகச் செருகினார். இடது பக்கமும் அதே பெட்டியால்தான் மினுக்குகிறது, அது பழுதென்றால் இரண்டு பக்கமும் அல்லவா போயிருக்க வேண்டும் என்ற கேள்வி அப்போது எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் அவர் என் கணவருக்குத்தான் பதில் சொல்லியிருப்பார்.

பிறகுதான் அது நடந்தது. காலை நேரம். நடுத்திட்டு இடைவெளியில் ஹேண்டிலை வலது பக்கம் ஒடித்து, எதிரே வருகிற வண்டிகள் போகட்டும் என்று நின்றிருந்தேன். பின்னால் ஒரு மொபெட்காரர் நான் நேராகப் போகிறேன் என்று நினைத்து வந்து, என் சைலன்சரில் இடித்துச் சாய்ந்தார். அவர் பின்னால் கட்டியிருந்த தோல் கட்டு அவிழ்ந்து, பாதி பதப்படுத்திய நீலத் தோல்கள் ஈரமாக ரோட்டில் பரவின. நல்லவேளையாக இருவருக்கும் பெரிய அடி இல்லை. அவருக்கு முழங்கையில் மட்டும் சிராய்ப்பு.

எழுந்ததும் கத்தினார். "இண்டிகேட்டர் போடாம நடு ரோட்டுல ஒடிக்கிறியே, உனக்கெல்லாம் எவன் லைசென்ஸ் குடுத்தான்?"

"போட்டிருக்கேன், வந்து பாருங்க!" என்று நானும் கத்தினேன்.

இருவரும் பின்னால் போய்ப் பார்த்தோம். விளக்கு எரியவில்லை. சுவிட்சோ வலது பக்கம் தள்ளியபடிதான் இருந்தது. லாரிகள் ஹாரன் அடித்ததால் ஹேண்டிலை நேராக்கி வண்டியை ஓரமாகத் தள்ளினேன். உடனே டிக் டிக் என்று மினுக்கத் தொடங்கியது.

"பாத்தியா, இப்பதான் போடறே!" என்றார் அவர்.

அந்த நிமிடம் எனக்கு வந்த அழுகை வலியால் வந்ததில்லை. வழுக்குகிற தோல்களை அவரோடு சேர்ந்து பொறுக்கிக் கட்டிக் கொடுத்தேன். கையெல்லாம் அந்த மருந்து வாடை. வேலைக்குப் போன பிறகும் சோப்பு போட்டுப் போட்டுக் கழுவினேன். விளக்கு எரியாத காரணம் என் கண் முன்னாலேயே தெரிந்திருந்தது. கோபத்தில் அதை நான் கவனிக்கவே இல்லை.

அந்த ஞாயிறு காலை வண்டியை வாசலில் சென்டர் ஸ்டாண்டு போட்டு நானே பிரித்தேன். போனில் ஒரு வீடியோவை ஓடவிட்டேன். அதில் இருந்தது வேறு வண்டி. அதில் பிளாஷர் இருந்த இடத்தில் எங்கள் வண்டியில் ஹாரன் இருந்தது. பின் விளக்கின் மூடியைக் கழற்றினேன்; பல்பு நன்றாக இருந்தது. பல்பு உட்காரும் இடத்தை உப்புத்தாள் வைத்துத் தேய்த்தேன். ஹெட்லைட்டைக் கழற்றியதும் உள்ளே திணித்திருந்த வயர்களெல்லாம் பொத்தென்று வெளியே தொங்கின. ஒன்றை இழுத்துப் பார்த்ததில் ஹாரன் செத்துப் போனது. எது எங்கே இருந்தது என்று தெரியாமல் அதைத் திரும்பப் பொருத்துவதற்குள் இடுப்பு விட்டுப் போனது.

கணவர் பல் துலக்கிக்கொண்டே வந்து பார்த்தார். "இருந்ததயும் கெடுத்து வெக்காத. பாய்கிட்ட விட்டா பாத்துக்குவாரு."

"பாத்த லட்சணம்தான் தெரியுதே. பேசாம பின்னாடி உக்காந்து எரியுதா இல்லயான்னு சொல்லுங்க."

அவர் பின்னால் உட்காரப் போனவர், வழியை மறிக்கிறது என்று முன் சக்கரத்தைக் காலால் வலது பக்கம் தள்ளினார். நான் போட்டு வைத்திருந்த வலது இண்டிகேட்டரின் டிக் டிக் நின்றது.

"திருப்புங்க!" என்றேன்.

"இன்னாத்த?"

"ஹேண்டில. லெஃப்டுல திருப்புங்க... இப்ப ரைட்டுல... இன்னொரு தடவ."

இடது பக்கம் திருப்பினால் எரிந்தது. நேராக வைத்தாலும் எரிந்தது. வலது பக்கம் முழுசாக ஒடித்தால் அணைந்தது. சைடு ஸ்டாண்டில் நிற்கிற வண்டியின் ஹேண்டில் எப்போதும் இடது பக்கம்தான் சாய்ந்திருக்கும். அதனால்தான் வாசலிலும் கடையிலும் கேட்டிலும் ஒழுங்காக எரிந்து என்னைப் பொய்க்காரியாக்கியது.

சுவிட்சிலிருந்து வருகிற வயர்க்கட்டை ஹேண்டிலின் கழுத்துப் பக்கம் விரலால் தடவிக்கொண்டே போனேன். ஓரிடத்தில் பிளாஸ்டிக் டேக் ஒன்று வயர்களை இறுக்கிப் பிடித்திருந்தது. அதை வெட்டி, டேப்பை உரித்தேன். வலது இண்டிகேட்டருக்குப் போகிற பச்சை வயர் மேலே முழுசாக இருந்தது. ஆனால் மடக்கினால் அந்த இடத்தில் மட்டும் துவண்டது. உள்ளே செம்பு அறுந்து, நுனியும் நுனியும் தொட்டுக்கொண்டிருந்தன. ஹேண்டிலை வலது பக்கம் ஒடிக்கும்போதெல்லாம் கட்டு இழுபட்டு அவை விலகியிருக்கின்றன.

"இந்த டேக்க யாரு போட்டது?" என்றேன்.

சென்ற வருடம் ஹேண்டிலில் போன் சார்ஜர் மாட்டி, வயர் தொங்கக் கூடாதென்று தானே இழுத்துக் கட்டியவர் அவர்தான். "டீ போடட்டா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

வயரைச் சீவி, நடுவில் கொஞ்சம் புது வயர் கொடுத்து முறுக்கி, டேப் சுற்றி, ஹேண்டில் திரும்ப இடம் விட்டுத் தளர்வாகக் கட்டினேன். வலது பக்கம் ஒடித்தாலும் எரிந்தது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் இத்தனை நாள் நான் சொன்னதை யாராவது ஒருவர் ரோட்டில் வந்து நின்று பார்த்திருந்தால் போதுமே என்ற எரிச்சல்தான் மிஞ்சியது.

சாயந்திரம் வேலை முடிந்த நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரர் வண்டிக்கு என்ன ஆச்சு என்று கேட்டார். நான் கையைக் கழுவிக்கொண்டிருந்தேன். கணவர் முந்திக்கொண்டார்.

"ஹேண்டில் கிட்ட வயரு கட்டு. நான் திருப்பிப் பாத்தேன், கண்டுபிடிச்சிட்டோம்."

வேலை நடுவே அவர் கொடுத்த டீ தொடாமலேயே ஆறிப் போயிருந்தது. அதை வாசலில் கொட்டிவிட்டு வண்டிச் சாவியை எடுத்து என் பையில் போட்டுக்கொண்டேன். அடுத்த ஞாயிறு அவர் கேட்டபோதும் கொடுக்கவில்லை.