என் ஓரகத்தியின் கோணல் வரிசை

நடவில் அவளுடைய வரிசை கோணிக்கொண்டு போனதைத்தான் நான் முதலில் பார்த்தேன். போன சம்பா நடவின்போது. எங்கள் தெருவில் நடவுக்குப் போகும் பெண்கள் பன்னிரண்டு பேர். அவர்களுக்கு நான்தான் தலைவி. எந்த வயல், எவ்வளவு கூலி, யார் எந்த இடத்தில் நிற்பது, எல்லாம் என் வாயிலிருந்துதான் வரும். நான் நட்ட வயலைப் பார்த்தவர்கள் நூல் பிடித்து நட்டதா என்று கேட்பார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைதான், சொன்னால் என்ன.

அவள் என் கொழுந்தன் பெண்சாதி. எனக்குப் பத்து வயது இளையவள். கல்யாணமாகி வந்த மறுமாதமே சேற்றில் இறங்கி என் வலது பக்கம் நின்றாள். முப்பத்தெட்டு வருஷமாக அந்த இடம் அவளுடையது. அவள் கை போகிற வேகத்தை வைத்துத்தான் நான் என் கையை ஓட்டுவேன்.

அன்றைக்கு வரப்பிலிருந்து நாற்றுக் கட்டுகளை முடி முடியாகத் தூக்கிப் போட்டார்கள். எல்லோரும் எட்டிப் பிடித்தோம். அவள் பிடிக்கவில்லை. சேற்றில் விழ விட்டு, இடது கையால் எடுத்தாள். திரும்பிப் பார்த்தால் அவள் நட்டது ஒரு இடத்தில் நெருக்கம், ஒரு இடத்தில் மாடு படுக்கிற அளவுக்கு இடைவெளி.

"ஏண்டி, எரும நடந்த மாதிரி போவுது ஒன் வரிசை. கண்ணு தெரியலயா?"

"குனிஞ்சா ஒரு மாதிரியா இருக்குக்கா."

"முந்தாநேத்து வரைக்கும் நல்லாத்தான குனிஞ்ச? பொண்ணு பிரசவத்துக்கு வரப்போறான்னதும் மகாராணி ஆயிட்டியா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். நான் விடவில்லை. வரிசையிலிருந்து அவளைக் கிளப்பி, முடி எடுத்துப் போடுகிற வேலைக்கு வரப்புக்கு அனுப்பினேன். அந்த வேலை புதிதாக வருகிறவர்களுக்குக் கொடுப்பது. இடது கையை ஊன்றி வரப்பில் ஏறினாள்.

அந்த வாரம்தான் கிராம நர்சம்மா எங்கள் மகளிர் குழுக் கூட்டத்துக்கு வந்தது. மழைக்குச் சத்துணவுக் கூடத்தில் உட்கார வைத்துப் பேசியது. மாரில் வரும் புற்றுநோயைப் பற்றி. எங்களில் பாதிப் பேர் தலையைக் குனிந்துகொண்டு பாயைக் கிள்ளிக்கொண்டிருந்தோம்.

"கட்டி பெரும்பாலும் வலிக்காதுங்க. அதான் தொல்லையே. வலிச்சா நாம ஓடிருவோம்ல? சில பேருக்கு அக்குள்ள நெறி கட்டி, கையத் தூக்க முடியாது, கனமா இருக்கும். எல்லாக் கட்டியும் அந்த நோய் இல்லங்க. ஆனா பாத்தாத்தான் தெரியும்."

கையைத் தூக்க முடியாது என்று சொன்னதும் எனக்கு அந்த நாற்று முடி சேற்றில் விழுந்த சத்தம் கேட்டது. அதற்கு மேல் நர்சம்மா பேசியது எதுவும் காதில் ஏறவில்லை. அவள் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். வெளியே மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் வேலை முடிந்து வாய்க்காலில் கால் கழுவும்போது மற்றவர்களை முன்னால் போக விட்டேன்.

"கையத் தூக்குடி."

"எதுக்கு?"

"தூக்குன்னேன்."

தோளுக்கு மேல் போகவில்லை. மற்றவர்கள் தெருவில் திரும்பிவிட்டார்களா என்று பார்த்துக்கொண்டாள். பிறகு என் ஈரக் கையைப் பிடித்து, அக்குளுக்குக் கீழே மாரின் ஓரத்தில் கொண்டுபோய் வைத்தாள். கொட்டைப்பாக்கு அளவு. அழுத்தினால் நகரவில்லை.

"எத்தினி நாளா?"

"ஆடியிலேருந்து."

"வூட்ல தெரியுமா?"

"தெரிஞ்சா ஊரக் கூட்டிருவாரு. பொண்ணு தையில பெத்துக்கணும். இது மொத புள்ள. அவ வயித்த வச்சுக்கிட்டு அழணுமா? அவள அனுப்பிட்டுப் பாத்துக்கறேன். நீ வாயத் தொறக்காத. என் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணு."

அடித்தேன். அடித்த கையோடு வீட்டுக்கு வந்தவளுக்கு உட்கார முடியவில்லை. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி, தை. பிள்ளை பிறந்து மூன்று மாசம் தாய் வீட்டில் இருக்கும். அப்புறம் சித்திரை. அந்தக் கட்டி காலண்டர் பார்த்து நிற்குமா? வாசலுக்குப் போனேன், கொல்லைக்குப் போனேன், கூட்டின வாசலையே மறுபடி கூட்டினேன். தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு பஸ்தான். வாடி போகலாம் என்று மூன்று தரம் கூப்பிட்டேன். பஸ்ஸில் ஏறினால் யாராவது பார்ப்பார்கள், எங்கே என்று கேட்பார்கள் என்றாள்.

அப்புறம் நானே நர்சம்மாவைத் தேடிப் போனேன். அவள் பேரைச் சொல்லவில்லை. சத்தியம் சத்தியம்தான். ஆஸ்பத்திரி ஊருக்கு வருமா என்று மட்டும் கேட்டேன். ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் வண்டி இருக்கிறதாம். உள்ளேயே மாரைப் படம் எடுக்கும் மெஷின். நாற்பது பெண்களைச் சேர்த்து, செலவில் பாதியை ஊர் கொடுத்தால் வரும் என்றது நர்சம்மா. எல்லோரும் போகிற கூட்டத்தில் அவளும் ஒருத்தியாக ஏறிவிட்டால் யார் என்ன கேட்கப் போகிறார்கள்?

ஒரு நாள் கூலியைப் பன்னிரண்டு பேரும் கொடுத்தோம். போதவில்லை. நான் யாரிடமும் கை நீட்டினவள் இல்லை. ஆனால் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. நடவு நடக்கும்போது புது ஆள் வரப்பில் வந்தால், காலடியில் ஒரு நாற்று முடியை வைத்துக் குலவை போடுவோம். வெற்றிலை பாக்குக்கு ஏதாவது கொடுத்துவிட்டுத்தான் அவர் நகர வேண்டும். நாற்றைத் தாண்டிப் போகிற மனுஷனை நான் பார்த்ததில்லை. அது பிச்சை இல்லை, எங்கள் பாத்தியதை. வயலையொட்டித்தான் திருக்கடையூர் போகும் ரோடு. அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம் என்று கார் காராகப் போகும். வரப்பில் வைக்கிறதை ரோட்டில் வைத்தால் என்ன என்று கேட்டேன்.

"ரோட்டுல நின்னு மாரு மாருன்னு கத்தச் சொல்றியா பெரியம்மா?" என்றாள் எங்களில் சின்னவள் ஒருத்தி.

"ஒன்ன யாரு கத்தச் சொன்னா? பெண்கள் நலத்துக்குன்னு சொல்லு."

அப்படிச் சொல்லலாம் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் வார்டு மெம்பர். நோட்டீஸிலும் அதையே அடித்துக் கொடுத்தார். எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. ஊரையே வாயால் ஆட்டுகிறவள், அந்த ஒரு வார்த்தைக்கு நாக்கு எழவில்லை.

ரோட்டோரம் முழங்கால் சேற்றோடு நின்றோம். கார்கள் நின்றன. ஒருத்தர் எந்தக் கோயில் கும்பாபிஷேகம் என்று கேட்டுக் கொடுத்தார். இன்னொருத்தர் சில்லறை இல்லை, போனில் அனுப்பட்டுமா என்றார். போனில் படம் பிடித்துப் பணம் அனுப்புகிற கட்டத்தை நர்சம்மா ஒட்டிக்கொடுத்த அட்டையை நீட்டினோம். அப்புறம் ஒரு பெரிய வண்டி. பின்சீட்டில் மாலையும் கழுத்துமாக அறுபதாம் கல்யாணத் தம்பதி. அந்த அம்மா கண்ணாடியை இறக்கினார்கள்.

"எதுக்கும்மா?"

"பெண்கள் நலத்துக்குங்க."

"என்ன நலம்?"

நான் கையிலிருந்த நோட்டீஸை நீட்டப் போனேன். வரப்பில் முடி போட நான் அனுப்பினவள், இடது கையில் நாற்றோடு என் பின்னால் நின்றாள். அவள்தான் சொன்னாள்.

"மாருல கட்டி இருக்கான்னு படம் எடுக்கற வண்டி வருதுங்க. எங்க ஊருக்கு. அதுக்குத்தான்."

"நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு," என்றார் அந்த ஐயா. அந்த அம்மா அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. பையைத் திறந்து கையில் வந்ததை எடுத்துக் கொடுத்தார்கள். "நல்லாப் பாத்துக்குங்கம்மா. என் தங்கச்சி சொல்லாமயே இருந்துட்டா," என்றார்கள். கண்ணாடி ஏறியது. நாங்கள் குலவை போட மறந்துவிட்டோம்.

வண்டி வந்த அன்றைக்குக் காலையிலேயே சத்துணவுக் கூட வாசலில் வரிசை. மூட்டுவலிக்கும் சர்க்கரைக்கும் வந்தவர்களைத் திருப்பி அனுப்புவதற்குள் நர்சம்மாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. எல்லாம் அந்த நோட்டீஸ் செய்த வேலை. ஒருத்தியைத் தேற்றி ஒருத்தியை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தேன். கண் மட்டும் தெருமுனையில். பத்து மணி ஆயிற்று, பதினொன்று ஆயிற்று. அவள் வரவில்லை. செருப்பைக்கூடப் போடாமல் அவள் வீட்டுக்கு ஓடினேன்.

முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள்.

"வாடி. வண்டி மூணு மணிக்குக் கெளம்பிரும்."

"நீ எடுத்துக்கிட்டியா?"

"எனக்கெதுக்கு? நான் நல்லாத்தான இருக்கேன்."

"பாத்தியா? ஊருக்கே வூடு வூடாப் போயிச் சொன்ன. ஒனக்கு அவுக்கக் கூச்சம். எனக்கு மட்டும் தோல் தடிப்பா?" முறத்தைக் கீழே வைத்தாள். "எட்டடி தள்ளி நின்னு என் வரிசை கோணலுன்னு கண்டுபுடிச்சியேக்கா. ஏன் கோணுச்சுன்னு ஒரு வார்த்த கேட்டியா?"

மன்னிப்புக் கேட்க எனக்கு வராது. அன்றைக்கும் வரவில்லை. வந்த வழியே திரும்பிப் போய் வண்டியில் ஏறினேன். அறுபத்தாறு வயசில் ஒரு சின்னப் பெண் முன்னால் ரவிக்கையைக் கழற்றினேன். சில்லென்று ஒரு தட்டு, மேலே இன்னொரு தட்டு. இடியாப்ப நாழியில் மாவை வைத்து அழுத்துகிற மாதிரி ஒரு அழுத்து. மூச்சை நிறுத்தச் சொன்னது அந்தப் பெண். அது தானாகவே நின்றிருந்தது. ரவிக்கைக் கொக்கியைக்கூடச் சரியாகப் போடாமல் மறுபடி அவள் வீட்டு வாசலில் போய் நின்றேன்.

"முடிஞ்சுது. வலிச்சுது, பொய் சொல்ல மாட்டேன். எந்திரி."

கொக்கி மாறிப் போட்டிருந்ததைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். எழுந்து வந்தாள்.

முடிவு சொல்ல எட்டு நாள் ஆயிற்று. அந்த எட்டு நாளும் நான் எந்த வயலிலும் ஒழுங்காக நடவில்லை. போன் அடித்தால் சோற்றுக் கையோடு எடுப்பேன். கேஸ் கம்பெனிக்காரன் பேசுவான். ஒன்பதாம் நாள் நர்சம்மா நேரிலேயே வந்தது. எனக்கு ஒன்றுமில்லை. இரண்டு பேரைத் தஞ்சாவூருக்கு வரச் சொல்லியிருந்தார்கள். ஒருத்திக்கு வெறும் கொழுப்புக் கட்டி என்று ஊசி போட்டுப் பார்த்துச் சொன்னார்கள். இன்னொருத்தி அவள். அவளுக்கு அதுதான்.

சத்தியம் அத்தோடு தீர்ந்தது. மகளுக்கு அவளே போனில் சொன்னாள். இவள் அழவில்லை, அந்தப் பெண் அழுதது எனக்குத் தெளிவாக வாசல்வரை கேட்டது. கார்த்திகையில் வலது பக்கத்தை எடுத்தார்கள். அக்குளிலிருந்த நெறிகளையும் எடுத்தார்கள். அப்புறம் ஊசி மருந்து. தையில் பேரன் பிறந்தான். குழந்தையைக் காலில் போட்டு நான்தான் குளிப்பாட்டினேன். அவள் மொட்டைத் தலையோடு பக்கத்தில் உட்கார்ந்து, தண்ணீர் சூடு போதாது என்று என்னை அதட்டிக்கொண்டிருந்தாள்.

குறுவை நடவு வந்துவிட்டது. அந்தக் கையோடு சேற்றில் இறங்கக் கூடாது, கீறல் படக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். என் வலது பக்கம் யாரை நிறுத்துவது என்று கேட்கிறார்கள். நான் இன்னும் பதில் சொல்லவில்லை. ரோட்டில் நாற்று முடி வைப்பது மட்டும் இந்தத் தடவையும் உண்டு. மெம்பரிடம் போய், நோட்டீஸில் மாரகப் புற்றுநோய் என்று போடச் சொன்னேன். மார்பகம் என்று திருத்திப் போட்டார்.

கை மேலே போவதற்கு ஒரு பயிற்சி சொல்லியிருக்கிறார்கள். சுவரோரம் நின்று விரலால் ஏறிக்கொண்டே போக வேண்டும். எட்டின இடத்தில் அடையாளம் வைக்க வேண்டும். தினம் காலையில் காப்பிகூடக் குடிக்காமல் அடுப்புக்கரித் துண்டோடு அவள் வீட்டுக்குப் போய்விடுகிறேன். அவள் ஏறுகிறாள், நான் கோடு போடுகிறேன். இடுப்பில் தொடங்கின கோடுகள் இப்போது அவள் நெற்றிக்கு மேலே போய்விட்டன. வரும் மாசம் மறுபடி தஞ்சாவூர் போய்க் காட்ட வேண்டும். என்ன சொல்வார்களோ என்று எனக்கு இப்போதே ஓர் இடத்தில் நிற்க முடியவில்லை.

இன்றைக்கு நேற்றைய கோட்டைத் தொடவில்லை. ஒரு விரற்கடை கீழேயே நின்றுவிட்டாள். நான் அங்கேயே கோட்டைப் போட்டேன்.

"கோணலாப் போவுதுடி."

"போவட்டும்," என்றாள். சுவரிலிருந்து கையை எடுக்கவில்லை. மறுபடியும் கீழேயிருந்து ஏறத் தொடங்கினாள்.