கழற்ற முடியாத பெட்டி

போன வருஷம் ஆவணி மாதம். ஜெகதாப்பட்டினத்துக்கு இன்னும் நான்கைந்து கிலோமீட்டர் இருக்கும். மெயின் ரோட்டை விட்டு இறங்கி, கருவேலங்காட்டுக்கு நடுவே போகும் மணல் பாதையில், காலை ஒன்பது மணி வாக்கில் நடந்தது இது.

நான் புதுக்கோட்டையில் ஒரு வெல்டிங் பட்டறையில் வேலை பார்க்கிறேன். ஒன்பதாவதுக்கு மேல் படிப்பு ஏறவில்லை. கிரில் கேட்டும் பீரோவும் நன்றாகச் செய்வேன். அண்ணனும் நானும் ஒரே பைக்கில் லடாக் போவது என்று இரண்டு வருஷமாகப் பேசி வைத்திருந்தோம். பழைய வண்டி ஒன்று வாங்கி, அவன்தான் அதைப் பார்த்துப் பார்த்துத் தேற்றினான். எல்லாவற்றிலும் ஒத்துப்போன எங்களுக்கு, சாமான் வைப்பதில் மட்டும் தகராறு. பின்னால் இரண்டு பக்கமும் இரும்புப் பெட்டி வேண்டும் என்பேன் நான். தொங்கவிடுகிற பை போதும் என்பான் அவன். லாரித் தார்ப்பாயில் இரண்டு பையும் தைத்து வாங்கிவிட்டான்.

"பையின்னா எவனாவது பிளேடப் போட்ருவாண்ணே. பெட்டியின்னா பூட்டிட்டு நிம்மதியா டீ குடிக்கலாம்."

"வண்டி சாஞ்சா பை நசுங்கும்டா. பெட்டி கால நசுக்கும். ஒனக்கு எங்க புரியப்போகுது, நீ பீரோ செய்றவன்!"

அன்றைக்குச் சத்தம் ஏறிவிட்டது. "அப்ப ஒன் பீரோவத் தூக்கிக்கிட்டு நீ மட்டும் போ" என்று எழுந்து போய்விட்டான். நானும் முகம் கொடுக்கவில்லை. மறுநாள் காலை, லோடு இறக்கப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் போய்விட்டான். இருபத்தெட்டு வயது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அவன் துணிமணியெல்லாம் கொடுத்துவிட்டார்கள். ஆணியில் தொங்கிய ஒரு சட்டையை மட்டும் நான் ஒளித்துவிட்டேன். அவன் போவதற்கு முதல் நாள், சண்டையின்போது போட்டிருந்தது. பிளாஸ்டிக் கவரில் போட்டு வாயை இறுக்கிக் கட்டினேன். அவிழ்த்தால் வாசனை போய்விடும் என்று பயம்.

அதற்குப் பிறகு என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. சாப்பிடும்போதே எழுந்துவிடுவேன். திருமயம் வரை வண்டியை ஓட்டிக்கொண்டு போவேன், இறங்கக்கூட மாட்டேன், திரும்பி வந்துவிடுவேன். வீட்டுக்குள் வந்து செருப்பைக் கழற்றும்போதே கை மறுபடி சாவியைத் தேடும்.

அந்த வேகத்தில்தான் இரண்டு பெட்டி செய்தேன். தடித்த தகடு. மற்றவர்கள் கழற்றி மாட்டுகிற மாதிரி போல்ட் போடுவார்கள். நான் வண்டிச் சட்டத்தோடு சேர்த்து வெல்டு வைத்தேன். "ஏன்டா, அவசரத்துக்குக் கழட்ட வேணாமா?" என்று பட்டறை முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். காதில் வாங்கவில்லை. இனி ஒன்றும் என்னைவிட்டுக் கழன்று போகக் கூடாது, அவ்வளவுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, லோடோடு எப்படி ஓடுகிறது என்று பார்க்கக் கிளம்பினேன். இடது பெட்டியில் சட்டை, அதற்கு மேல் ஸ்பேனர், செயின், பத்துக் கிலோ அரிசி. வலது பெட்டியிலும் அதே கனம். அறந்தாங்கி தாண்டும்வரை பிரச்சினை இல்லை. மணல் பாதையில் இறங்கியதும் முன் சக்கரம் துழாவியது. பதறி இடது காலை ஊன்றினேன். பின்னாலேயே வந்த பெட்டி கெண்டைக்காலில் ஏறி அமுக்கியது. வண்டியோடு சாய்ந்தேன்.

காலை இழுக்க முடியவில்லை. பெட்ரோல் சொட்டுகிற வாசனை வேறு. போனை வலது பெட்டியில் பத்திரமாகப் பூட்டி வைத்திருந்தேன், கைக்கு எட்டவில்லை. கத்தினேன்.

மொபெட்டில் மீன் விற்கிற ஓர் அக்கா வந்தார். நாற்பது வயது இருக்கும். இரண்டு பக்கமும் ஐஸ் பெட்டி, சைக்கிள் டியூபால் கட்டியது. அவசரத்தில் நிறுத்தியதில் ஸ்டாண்டு மணலில் புதைந்து அவர் வண்டியும் சாய்ந்தது. அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடி வந்தார்.

"பெட்டியக் கழட்டு தம்பி மொதல்ல."

"கழட்ட முடியாதுக்கா. வெல்டு வச்சது."

"எந்தப் புத்திசாலி வச்சான்?"

"நாந்தான்."

அந்த நிலைமையிலும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, சாவியக் குடு. உள்ள இருக்கிறத எறக்குனா கொஞ்சம் தூக்கலாம்."

வேண்டாம் என்றேன். அவர் முகம் மாறியது. "ஏன், உள்ள என்ன? சரக்கா? இந்தப் பக்கம் அந்த வேலையெல்லாம் வேணாம். நான் இப்பவே போயிருவேன், ஆமா."

"எங்கண்ணன் சட்டக்கா. அவன் செத்துப்போயிட்டான்."

காரியம் முடிந்து ஒன்றரை மாதம் ஆகியும் அழாதவன், மணலில் மல்லாந்து கிடந்தபடி ஓவென்று அழுதேன். அவர் தன் வண்டிக்குப் போனார். ஐஸ் கரைந்த தண்ணீரில் கையை இரண்டு தடவை கழுவினார். முந்தானையில் துடைத்து, மோந்து பார்த்தார்.

"மீன் நாத்தம் போக மாட்டேங்குது தம்பி. பரவாயில்லையா?"

சாவியைக் கொடுத்தேன்.

அரிசியையும் இரும்பையும் அள்ளிப் போட்டவர், கவரை மட்டும் மணலில் வைக்கவில்லை. "இந்தா, நீ வச்சுக்க" என்று என் நெஞ்சின்மேல் வைத்தார். ஹேண்டில்பாரைத் தூக்கி ஓர் ஐஸ் பெட்டியை முட்டுக் கொடுத்தார். தராசுத் தட்டை எடுத்து என் காலுக்கு அடியில் மணலைத் தோண்டினார். "இப்ப இழு!" ஷூ உள்ளேயே நின்றுகொள்ள, கால் மட்டும் வெளியே வந்தது. எலும்பு முறியவில்லை. வீங்கிக் கறுத்திருந்தது.

இரண்டு பேருமாக என் வண்டியை நிமிர்த்திய பிறகுதான் அவர் தன் வண்டியைத் தூக்கினார். பெட்டியைச் சரியாக வைத்து டியூபை இரண்டு இழுப்பு இழுத்தார், முடிந்தது.

"ஒங்க வண்டியும் விழுந்துருச்சேக்கா."

"அது தெனம் விழும். பெட்டி ஒரு பக்கம் போகும், நான் ஒரு பக்கம் போவேன். சரி, ஐஸு கரையுது, வாரேன்" என்று போய்விட்டார். பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து கவரைப் பார்த்தேன். வெளியே மீன் வாடை. இனி என்ன என்று அவிழ்த்தேன். அண்ணன் வாசனை இருந்ததா, இருப்பதாக நானே நினைத்துக்கொண்டேனா, தெரியவில்லை. சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டேன். தோள் கொஞ்சம் தொங்கியது.

கால் சரியானதும் கிரைண்டர் வைத்து இரண்டு பெட்டியையும் அறுத்து எடுத்தேன். பரணில் கிடந்த தார்ப்பாய்ப் பையை இறக்கி மாட்டினேன். லடாக் இன்னும் போகவில்லை. போவேன். பையின் வாரை இழுத்துக் கட்டும்போதெல்லாம் "நீ சொன்னதுதாண்ணே சரி" என்று வாய்விட்டுச் சொல்கிறேன். அந்தச் சண்டையில் நான் தோற்றுவிட்டேன் என்பதைக் கேட்டுச் சிரிக்க அவன் இல்லையே என்பதுதான், வண்டி ஓடினாலும் நின்றாலும், இன்னும் எனக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது.