இரண்டு கதவுக் காரும் இரண்டு பொட்டலமும்

ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து கதவைச் சாத்திச் சாவியைத் திருப்பியதும், தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு கை நீண்டு வந்தது. "ஐயோ!" என்று கத்திவிட்டேன்.

தொண்டாமுத்தூரில் அந்தத் தென்னந்தோப்பு வீட்டு அம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு சிரித்தார். "பயப்படாதீங்க கண்ணு. சீட் பெல்ட்டத்தான் எடுத்துக் குடுக்குது. எங்க ஊட்டுக்காரரும் மொத நாளு இப்படித்தான் கத்துனாரு."

பார்த்தால் கறுப்பு நிறத்தில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தண்டு. அதன் நுனியில் பெல்ட். நான் வாங்கிக்கொள்ளும்வரை மரியாதையாக நீட்டிக்கொண்டே நின்றது.

முப்பது வருடத்துக்கும் மேலான ஜெர்மன் கார் அது. விலைக்கு வருகிறது என்று கேள்விப்பட்டுப் பார்க்கப் போயிருந்தேன். அந்த அம்மாவின் கணவர் ஆசைப்பட்டு வாங்கியது. அவர் போய்ச் சேர்ந்த பிறகும் ஞாயிறு தவறாமல் அந்த அம்மா அதைத் தோப்புக்குள் ஒரு சுற்று ஓட்டிவிட்டு ஷெட்டில் நிறுத்துவாராம். "போன வருசம் ஆனை வந்து வாழ முச்சூடும் தின்னுபோட்டுப் போச்சுங்க. ஷெட்டு மேல ஒரு கீறல் கெடையாது. அதுக்கும் காரு புடிச்சுப்போச்சாட்ட இருக்குது."

நான் ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டுவிட்டு லேத்துப் பட்டறைக்குப் போனவன். இப்போது கணபதியில் சொந்தப் பட்டறை. பம்புகளுக்கு ஷாப்ட் கடைந்து கொடுக்கிறோம். படிப்பு வராவிட்டாலும் இரும்பு பேசுவது எனக்குக் கேட்கும். காந்தத்தைத் துணியில் சுற்றிக் கார் முழுக்க ஒட்டிப் பார்த்தேன். அடிபட்டுப் பட்டி பூசிய இடமாக இருந்தால் காந்தம் பிடிக்காது. எல்லா இடத்திலும் பிடித்தது. கம்பளத்தைத் தூக்கினேன், துரு இல்லை. நாலு கண்ணாடியையும் இறக்கினால் நடுவில் தூணே இல்லாமல் கூரை நிற்கிறது. குறை இல்லாததே எனக்குப் பெரிய குறையாகப் பட்டது. நாலு மாதத்தில் ஐந்து முறை போய்ப் பார்த்தேன். வீட்டுக்கு வந்தால் தூக்கம் இல்லை. ஒரு பாகம் போனால் எங்கே தேடுவது? மழைத் தண்ணீர் தேங்கினால்? ஊரார் கண் பட்டால்?

மனைவியை ஒருமுறை அழைத்துப் போனேன். காரைச் சுற்றி வந்தவள் திடுக்கிட்டு நின்றாள்.

"ஏனுங்க, பொறகால கதவையே காணோம்? கழட்டிப்போட்டாங்களா?"

"இந்த மாடலே அப்படித்தான் புள்ள. ரெண்டே கதவு."

"இத்தன நீளக் காருக்கு ரெண்டு கதவா? அப்ப எங்கம்மா எப்படி ஏறுவாங்க?"

"அதும் ஒரு நல்லதுதான்" என்று சொல்லி, முதுகில் ஒரு குத்து வாங்கினேன்.

எந்தப் பெரிய காரியமானாலும் எங்கள் வீட்டில் சாமியிடம் பூக் கேட்போம். நந்தியாவட்டை ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம்; பூவரச இலையில் ஒன்றுபோலக் கட்டி அம்மன் காலடியில் வைத்தால், பூசாரி ஒன்றை எடுத்துக் கொடுப்பார். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பென்றால் கூடாது. பட்டறை போட்டது, மெஷின் வாங்கியது, மகள் கல்யாணம் எல்லாம் அப்படித்தான். சாமி சொன்ன பிறகு எனக்குப் பயம் பாதியாகும். பொட்டலம் கட்டுவது எப்போதும் என் மனைவி.

போன ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை காருக்காகக் கேட்டோம். பிரித்தேன், வெள்ளை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மீதிப் பொட்டலத்தைக் கோயில் கிணற்றில் போடுவது அவள் வழக்கம். அன்று அவள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். சிவப்புப் பூ யார் காலிலாவது மிதிபட்டால் வண்டிக்கு ஆகாதே என்று பதறி, அதை நானே எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். ஓடுகிற தண்ணீரில் விட்டுவிடலாம் என்று எண்ணம்.

அங்கிருந்து இருவரும் நேராகத் தொண்டாமுத்தூர் போனோம். எழுத்து வேலை முடிந்தது. சாவியைத் தரும்போது அந்த அம்மா வண்டியின் மூக்கை முந்தானையால் ஒருமுறை துடைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார்.

வழியில் ஒரு வாய்க்கால் பாலத்தில் வண்டியை நிறுத்தி இறங்கினேன். பையிலிருந்து பொட்டலத்தை எடுத்தேன். வெயிலில் இலை வாடி நார் கழன்றிருந்தது. உள்ளங்கையில் பூ கொட்டியது.

வெள்ளை. அதுவும் நந்தியாவட்டை.

கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்துவிட்டேன். முதலில் அம்மன்தான் நிறத்தை மாற்றிவிட்டாள் என்றே நினைத்தேன். பிறகு காருக்குள் பார்த்தேன். மனைவி மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏம் புள்ள. ரெண்டும் வெள்ளையா?"

"கெணத்துல போடறதுக்குள்ள நீங்க எதுக்கு எடுத்தீங்க?"

"ரெண்டும் வெள்ளையான்னு கேட்டேன்!"

"ஆமாங்க" என்றாள். "நாலு மாசமா நீங்க தூங்குல. அதனால நானும் தூங்குல. உங்க வாயால ஆசைப்பட்டுக் கேட்டது இது ஒண்ணுதான். செவப்பு வந்துபோட்டா என்ன பண்றதுன்னு எனக்குப் பயமாப் போச்சு."

ஆறு வருடச் சேமிப்பைச் சாமி சொல்லிற்று என்று நம்பிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். சாமி ஒன்றுமே சொல்லவில்லை.

"அப்ப பட்டறைக்கு?"

"ரெண்டும் வெள்ளதான்."

"மெஷினுக்கு?"

"வெள்ள."

"பாலக்காட்டுல அந்த ரப்பர் தோட்டத்துக்குச் செவப்பு வந்துச்சே?"

"அன்னிக்கு ரெண்டுமே செவப்புங்க. அந்த புரோக்கர் மூஞ்சியப் பாத்தீங்களா நீங்க?"

இருபது வருடமாக எந்தத் தைரியத்தில் நடந்தேனோ, அது கோயிலில் இல்லை. எங்கள் சமையலறையில் பூவரச இலையை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. பயம்தான் வந்தது, முழுசாக, பாதியாகாமல்.

நான் காருக்குள் ஏறினேன்.

"அந்தம்மா நல்லவங்க. திருப்பிக் குடுத்தா வாங்கிக்குவாங்க" என்றாள். "பூவெல்லாம் வேண்டாமுங்க. நீங்களே சொல்லுங்க. ஊட்டுக்கா, தோப்புக்கா?"

கதவைச் சாத்திச் சாவியைத் திருப்பினேன். பின்னாலிருந்து அந்தக் கை நீண்டு வந்து பெல்ட்டை நீட்டியது. நான் வாங்கவில்லை. அதுவும் போகவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அது தானாக உள்ளே போகத் தொடங்கியது.

சட்டென்று பிடித்துக்கொண்டேன். பெல்ட்டை மாட்டினேன்.

"ஊட்டுக்கு" என்றேன். குரல் என்னுடையது மாதிரியே இல்லை.

வடவள்ளி தாண்டிய பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்கத் துணிந்தேன்.

"நம்ம புள்ள கல்யாணத்துக்கு?"

"அது மட்டும் நெசமாவே கேட்டதுங்க" என்றாள், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு.