அமாவாசைக் காலையில் இரண்டு கார்ட்ரிட்ஜ்கள்

எழுபதுகளின் தொடக்கத்தில் காஞ்சிபுரத்தில் ஒரு நாளிதழுக்கு நிருபராக இருந்தேன். நான் குடியிருந்த தெருவில் விடிந்ததும் தறிச் சத்தம் ஆரம்பித்துவிடும். அந்தச் சத்தத்தில் எதையும் ஒப்பிட்டுக் கேட்க முடியாது. அமாவாசையன்று மட்டும் தறி ஓடாது. அதனால் எந்தக் கார்ட்ரிட்ஜ் நல்லது என்று கேட்டுப் பார்க்கும் போட்டியை அமாவாசைக் காலை பத்து மணிக்கு வைத்தார்கள்.

தெருவின் நெசவாளர்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து பாட்டு மன்றம் ஒன்று நடத்தினார்கள். ஓர் அறை, ஒரு ரிக்கார்டு பிளேயர், ஓர் ஆம்ப்ளிபயர், அவ்வளவுதான் சொத்து. பிளேயரின் கை நுனியில் ஊசியைத் தாங்கி நிற்கும் கார்ட்ரிட்ஜ், கட்டைவிரல் நகமளவுப் பெட்டி, பழைய கிரிஸ்டல் வகை. அதைப் பொருத்திப் பராமரித்தவர் பஸ் நிலையத்துக்கு அருகில் ரேடியோ கடை வைத்திருந்த மெக்கானிக். பட்டுக்கடைக்காரர் ஒருவரின் மருமகன் சென்னையில் எஞ்சினியர். மேக்னடிக் கார்ட்ரிட்ஜ் பூட்டிய தன் பிளேயரையும் ஒரு வயலின் எல்.பி.யையும் அவர் கொண்டுவந்திருந்தார். இரண்டையும் கேட்டுவிட்டு நல்லதை மன்றம் வைத்துக்கொள்வதாக ஏற்பாடு.

மெக்கானிக்குக்கு அது வெறும் கார்ட்ரிட்ஜ் விஷயம் அல்ல. பல வருடம் கல்யாணங்களிலும் திருவிழாக்களிலும் கூம்பு ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நின்றவர். காது மந்தமாகிவிட்டது என்று ஊரில் பேச்சு கிளம்பியிருந்தது. அவர் சரிசெய்து கொடுத்த ரேடியோ ஒன்று உறுமிக்கொண்டே திரும்பி வந்த பிறகு, வாலாஜாபாத்திலிருந்து அவரைத் தேடி வந்தவர்கள்கூட வேறு கடைக்குப் போனார்கள். காது கேட்காதவரிடம் யார் ரேடியோவைக் கொடுப்பார்கள்? அன்று காலை எல்லோர் முன்னிலும் அவரே சொன்னார்: "நடுவுல ஒரு துணியைக் கட்டுங்க. என்னுது எதுன்னு கேட்ட உடனே சொல்றேன்."

வேட்டி ஒன்றைத் திரையாகக் கட்டினார்கள். திரைக்குப் பின்னால் நான். பேப்பர்காரரை நம்பலாமா என்று ஒருவர் கேட்டார். வேறு யாருக்குப்பா வேலையில்லை என்றார் மன்றத்தின் செயலாளர்.

மெக்கானிக் தன் கார்ட்ரிட்ஜை ஒருமுறை ஓட்டிப் பார்த்தார். தெளிவாக இருந்தது. திருப்தியாகத் தலையசைத்துவிட்டு திரைக்கு வெளியே போய் உட்கார்ந்தார். ஊசியில் ஒரு பட்டுப் பிசிறு ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். சிறு தூரிகையால் தட்டிவிட்டு ரிக்கார்டின் மேல் இறக்கினேன்.

வயலின் கரகரத்தது. அடியில் மணல் உரசுவது போல ஓர் இரைச்சல். "இன்னாபா இது, கடலை வறுக்கிறாங்களா?" என்று வெளியே ஒருவர் கேட்டார்.

மூன்று நிமிடம் ஓடவிட்டு எடுத்தேன். எடுக்கும்போதுதான் கண்ணில் பட்டது. அந்தக் கார்ட்ரிட்ஜில் இரண்டு ஊசிகள் உண்டு. பழைய எழுபத்தெட்டு ரிக்கார்டுக்குத் தடித்தது, எல்.பி.க்கு மெல்லியது. முன்னால் உள்ள சின்னப் பிடியைத் திருப்பினால் ஒன்று போய் மற்றது வரும். பிசிறைத் தட்டும்போது என் விரல் பட்டு அந்தப் பிடி திரும்பியிருந்தது. மெல்லிய தடத்தில் தடித்த ஊசியை ஓட்டியிருக்கிறேன்.

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தவறு என்னுடையது, கெட்டுப்போன ரிக்கார்டு விருந்தாளியுடையது. ஊசியைச் சரியான பக்கம் திருப்பிவைத்தேன். ரிக்கார்டை அடுத்த பிளேயருக்கு மாற்றி, கீறல் படாத உள்பகுதியில் மேக்னடிக்கை இறக்கினேன். வயலின் சுத்தமாகக் கேட்டது.

எது நல்லது என்று செயலாளர் கேட்டார். பன்னிரண்டு பேரும் இரண்டாவதற்குக் கை தூக்கினார்கள். துணியின் ஓரத்தில் பார்த்தேன். மெக்கானிக்கும் தூக்கியிருந்தார்.

"உன்னுது எதுப்பா?"

மெக்கானிக் தலையைச் சாய்த்துக்கொண்டு சொன்னார்: "முதல்ல ஓடினது என்னுது இல்ல. அது நிச்சயம். ரெண்டாவதும் கொஞ்சம் வேற மாதிரிதான் இருக்குது."

"ரெண்டும் இல்லன்னா மூணாவது எங்கப்பா, மடியில கட்டிக்கினு இருக்கியா?"

சிரிப்பு. செயலாளர் என்னைக் கேட்டார். முதலில் ஓடியது மெக்கானிக்குடையது என்றேன். எழுத்துக்கு எழுத்து உண்மை. சிரிப்பு பெரிதாயிற்று. பெத்த பிள்ளையையே அடையாளம் தெரியலையே என்றார் ஒருவர். காக்கைக்குச் சோறு வைக்க நேரமாகிறது என்று இரண்டு பேர் சிரித்துக்கொண்டே எழுந்து போனார்கள். மெக்கானிக் யாரையும் பார்க்கவில்லை. இடது காதை ஒரு கையால் மூடினார், எடுத்தார், மறுபடி மூடினார். தானே சோதித்துக்கொண்டிருந்தார்.

துணியை விலக்கிக்கொண்டு வெளியே வந்தேன். பிடி திரும்பியிருந்தது, திருப்பியது நான் என்று சொன்னேன்.

எஞ்சினியர் ரிக்கார்டை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். வெளி விளிம்பில் விரலகலம் சாம்பல் பூத்திருந்தது. முகம் இறுகியது. ஆனால் மெக்கானிக்கிடம்தான் பேசினார்: "இவ்வளவு கெட்டிருந்தா உங்க காதுக்கு அது உங்களுது இல்லதான். மறுபக்கம் போடலாம்."

இந்தத் தடவை திரைக்குப் பின்னால் செயலாளரே உட்கார்ந்தார். வெளியே மிச்சமிருந்த ஒன்பது பேரில் ஐந்து பேர் மேக்னடிக்குக்கும் நான்கு பேர் கிரிஸ்டலுக்கும் கை தூக்கினார்கள். முதல் சில விநாடிகளிலேயே மெக்கானிக், "இது என்னுது" என்றார். செயலாளர் ஆமாம் என்றார். மன்றம் மேக்னடிக்கை வைத்துக்கொண்டது. அது உண்மையிலேயே நல்லது என்று மெக்கானிக்கும் ஒப்புக்கொண்டார்.

எல்லோரும் கிளம்பிய பிறகு அவர் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன்.

"எப்ப பாத்தீங்க சார்?"

"கை தூக்கறதுக்கு முன்னாடியே."

"அவங்க சிரிக்கும்போது தெரியும்."

"தெரியும்."

ஒயரின் முனையைச் செருகி முடித்தார். கோபம் குரலில் இல்லை. அதுதான் நிற்க முடியாமல் செய்தது. "ரெண்டு பேரு சிரிச்சிக்கினே போயிட்டாங்க. மிச்சம் அவங்க பாக்கல. நான் போய்ச் சொன்னா எடுபடாது சார்."

எழுந்து போன இருவரையும் தேடிப் போனேன். முதலாமவர் வீட்டில் படையல் முடிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நடந்ததைச் சொன்னேன். அவர் சோற்றில் கை வைத்தபடியே கேட்டு, "அப்ப சரியாத்தான் சொல்லியிருக்கான்" என்றார். இரண்டாவது ஆள் தெருக்கோடிக் குழாயடியில் குளித்துக்கொண்டிருந்தார். பாதி முகத்தில் சோப்போடு முழுக்கக் கேட்டார். பிறகு, வரும் வழியில் ரிப்பேர் ரேடியோவைக் கையில் வைத்திருந்த ஒருவரிடம் கதையைச் சொல்லிவிட்டதாகச் சொன்னார். அவர் யார், எந்தப் பக்கம் போனார் என்று கேட்டேன். திருப்புட்குழிக்காரர், பஸ் நிலையம் பக்கம் போனார் என்றார்.

சைக்கிளை எடுத்தேன். பஸ் இன்னும் கிளம்பவில்லை. ஜன்னலோரத்தில் மடியில் ரேடியோவோடு உட்கார்ந்திருந்தவரிடம் வெளியிலிருந்தபடியே ஆரம்பத்திலிருந்து சொன்னேன். கண்டக்டர் விசிலை வாயில் வைத்தார். அந்த ஆள் கொஞ்சம் யோசித்துவிட்டு, ரேடியோவை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினார். கடை எந்தப் பக்கம் என்று கேட்டார்.