தனிமை அறைக்கு ஒரு விடுப்புப் படிவம்

ஊரடங்கு தொடங்கிப் பத்து நாள் ஆகியிருந்தபோது கல்லூரி டீன் அம்மா என்னைத் தொலைபேசியில் அழைத்தார். நான் ஓய்வு பெற்று இரண்டு ஆண்டு முடிந்திருந்தது. முப்பத்திரண்டு ஆண்டுகள் அந்த மருத்துவக் கல்லூரியின் அலுவலகத்தில் இருந்தவன், கடைசி ஆறு ஆண்டு கண்காணிப்பாளராக. இவர் இல்லாமல் அலுவலகம் எப்படி நடக்குமோ என்று பிரிவுபசார விழாவில் கவலைப்பட்டவர்கள், மறுநாளே என் மேசையை ஜன்னலோரம் தள்ளி அதன்மேல் தண்ணீர்க் கேனை வைத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஆகவே, யாரோ ஒரு கோப்பைத் தொலைத்திருப்பார்கள் என்று நினைத்துத்தான் தொலைபேசியை எடுத்தேன்.

"சார், ஆபீஸ்ல ஆளே இல்ல. பாதிப் பேரு பார்டருக்கு அந்தாண்ட மாட்டிக்கிட்டாங்க. நீங்க வந்து மூணு மாசம் பாத்துக்கணும்," என்றார்.

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. புதுச்சேரியில் சில தெருக்களின் இடது பக்கம் நாங்கள், வலது பக்கம் தமிழ்நாடு. மது வாங்குபவர்களைத் தவிர வேறு யாரும் சாதாரண நாட்களில் அந்தக் கோட்டைப் பொருட்படுத்துவதில்லை. தொற்று வந்ததும் அந்தக் கோட்டின்மேல் சவுக்குக் கட்டைகளைக் கட்டிவிட்டார்கள். கல்விப் பிரிவு உதவியாளர் அம்மாவின் வீடு தமிழ்நாட்டுப் பக்கம், கோட்டக்குப்பத்தில். மொட்டை மாடியில் நின்றால் எங்கள் முத்தியால்பேட்டை தெரியும், ஆனால் நடந்து வர முடியாது. நான் முதலியார்பேட்டையில் குடியிருப்பவன். தடுப்புக்கு இந்தப் பக்கம் இருக்கிறேன் என்பதுதான் அன்று என்னுடைய முழுத் தகுதி.

என் மனைவிக்கு இதில் பெருமை எதுவும் தெரியவில்லை. "அறுபது தாண்டுனவங்க வூட்ட வுட்டு வெளிய வராதீங்கன்னு ஆட்டோல மைக் கட்டிச் சொல்லிட்டுப் போறான். உங்களுக்கு ஃபைலு கெடச்சாப் போதும். அந்தக் கிருமியே வந்து மனு குடுத்தாலும் நம்பர் போட்டு வாங்கி வெப்பீங்க," என்றாள். மறுநாள் காலை முகக்கவசத்தையும் சாப்பாட்டு டப்பாவையும் எடுத்து வைத்ததும் அவள்தான்.

மாணவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டிருந்தார்கள். காலியான பெண்கள் விடுதிதான் என் ராஜ்ஜியம். தொற்று வார்டில் ஒரு வாரம் வேலை பார்த்த மருத்துவர்கள், செவிலியர்கள், படிப்பு முடித்துப் பயிற்சியில் இருக்கும் ஹவுஸ் சர்ஜன்கள் எல்லாரும் பதினான்கு நாள் அங்கே தனித்தனி அறையில் இருக்க வேண்டும். அறை ஒதுக்குவது, சாப்பாடு அனுப்புவது, துணி வாங்கிக் கொடுப்பது, வீட்டிலிருந்து வரும் தொலைபேசிக்குப் பதில் சொல்வது என்று என் நாள் போயிற்று. மருத்துவம் தவிர எல்லா வைத்தியமும் பார்த்தேன் என்று சொல்லலாம்.

விடுதிச் சமையலுக்குப் பொறுப்பான மாஸ்டர் வீட்டுக்குப் போகாமல் சமையற்கட்டிலேயே படுத்துக்கொண்டார். சாப்பாட்டைக் கதவுக்கு வெளியே ஸ்டூலில் வைத்து, ஒரு தட்டுத் தட்டிவிட்டு நகர்ந்துவிட வேண்டும். தினமும் என்னிடம் ஒரு பஞ்சாயத்தோடு வருவார்.

"மூணாம் நம்பர் ரூமு உப்புமா வேணான்றாங்க சார். ஏழாம் நம்பரு ரசத்துல உப்பே இல்லன்றாரு. அவருக்குத்தான் மூக்கும் நாக்கும் வேலை செய்யலியே, உப்பு இல்லன்னு எப்பிடிக் கண்டுபுடிச்சாரு?"

"அதையே அவர்கிட்ட கேளுங்க மாஸ்டர்."

"நான் இன்னாத்துக்குக் கேக்கறேன்? நாளைக்கு எனக்கு ஊசி போடப் போறவரு."

மூன்றாம் நம்பர் அறையில் இருந்தது எங்கள் முதலியார்பேட்டைப் பெண். ஹவுஸ் சர்ஜனாகச் சேர்ந்து சில வாரம்தான் ஆகியிருந்தது. அப்பா மில்லில் தறி ஓட்டியவர். மில் மூடியபின் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் காவல் வேலை. வாரத்தில் இரண்டு நாள் சைக்கிளில் வந்து கேட்டருகே நிற்பார். மகள் இரண்டாம் மாடி வராந்தாவுக்கு வந்து கையாட்டுவாள். இவரும் கையாட்டுவார். பிறகு என்னைப் பார்த்து, "சாப்புடுதா சார்?" என்று கேட்பார். உப்புமா தவிர மற்றதெல்லாம் சாப்பிடுகிறாள் என்று உண்மையைச் சொல்வேன். சிரித்துவிட்டுப் போவார்.

இனி என் கைவேலைக்கு வருகிறேன். வந்த முதல் நாளே, விடுதிக்குள் நுழைபவர்களுக்கு எழுத்துப்பூர்வமாக எந்தச் சான்றும் இல்லை என்பதைக் கண்டுபிடித்தேன். யார் எப்போது வந்தார், எப்போது போனார் என்று காகிதம் இல்லாவிட்டால் நாளை யாராலும் எதையும் நிரூபிக்க முடியாது. அரை மணி நேரத்தில் ஒரு படிவம் தயாரித்தேன். தயாரித்தேன் என்பது கொஞ்சம் அதிகம். அரசு அலுவலகத்தில் யாரும் எதையும் புதிதாக எழுதுவதில்லை. பழையதை எடுத்துத் தலைப்பை மாற்றுவோம். என் பழைய கணினியில் விடுப்பு விண்ணப்பம் இருந்தது. பெயர், பதவி, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, கையொப்பம் என்று எல்லாம் பொருத்தமாக இருந்தது. தலைப்பில் 'விடுப்பு விண்ணப்பம்' என்றிருந்ததை அழித்து, 'தனிமைப்படுத்தல் படிவம்' என்று போட்டு, அறுபது நகல் எடுத்தேன். ஒவ்வொருவரையும் கையெழுத்துப் போட வைத்துத் தேதிவாரியாகக் கோப்பில் சேர்த்தேன். டீன் அம்மா பார்த்துவிட்டு, "இதுக்குத்தான் சார் உங்களக் கூப்பிட்டது," என்றார். அன்று மாலை நான் கொஞ்சம் நிமிர்ந்து நடந்திருப்பேன்.

ஆறு வாரம் கழித்துச் சுகாதாரத் துறை அச்சடித்த படிவம் வந்தது. என்னுடையது அலமாரிக்குப் போயிற்று. அந்த ஆறு வாரத்தில் மூன்றாம் அறைப் பெண் இரண்டு முறை தனிமைக்குப் போயிருந்தாள். கூடப் படித்த ஒருத்திக்குக் காய்ச்சல் வந்ததால், அவளுடைய முறையையும் இவளே எடுத்துக்கொண்டு மறுபடி வார்டுக்குப் போனாள். யாரும் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை.

மூன்று மாதம் என்று போனவன் மறு ஆண்டும் அங்கேயே இருந்தேன். தடுப்புகளை எடுத்துவிட்டார்கள். உதவியாளர் அம்மா பழையபடி தன் நாற்காலியில் உட்கார்ந்து, ஹவுஸ் சர்ஜன்களின் பயிற்சி நிறைவுச் சான்றிதழ்களுக்குக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆண்டு முழுவதற்கும் பதினைந்து நாள்தான் விடுப்பு. அதற்கு மேல் எடுத்தால் அத்தனை நாள் கூடுதலாக வேலை பார்த்த பிறகுதான் சான்றிதழ். ஒரு நாள் காலை அவர் என்னிடம் கோப்போடு வந்தார்.

"சார், இந்தப் பொண்ணு மட்டும் இடிக்குது. இருவத்தெட்டு நாள் லீவு போட்டிருக்கு. பதிமூணு நாள் எக்ஸ்டென்ஷன் வருது."

"அந்தப் பொண்ணு லீவே போடலியே."

"லெட்டர் இருக்கே சார். ரெண்டு லெட்டர்."

வாங்கிப் பார்த்தேன். என் படிவம். மேலே நான் போட்ட கம்பீரமான புதிய தலைப்பு. கீழே, சின்ன எழுத்தில், நான் அழிக்க மறந்த பழைய வரி: 'எனது சொந்தக் காரணங்களுக்காக மேற்கண்ட நாட்களுக்கு விடுப்பு வழங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.' அதன் அடியில் அந்தப் பெண்ணின் கையெழுத்து. என் படிவத்தில் கையெழுத்துப் போட்ட ஐம்பது பேரும் சொந்தக் காரணத்துக்காகப் பணிவுடன் கேட்டிருந்தார்கள். மற்ற ஹவுஸ் சர்ஜன்கள் ஒரே முறை போனவர்கள், பதினான்கு நாளோடு தப்பித்தார்கள். ஊரடங்கில் வேறு விடுப்பு எடுத்து எங்கே போவது? பதினைந்து நாளைத் தாண்டியது, இரண்டாம் முறை தானாக முன்வந்தவள் மட்டும்.

மேற்படிப்பு நுழைவுத் தேர்வு எழுத, குறிப்பிட்ட ஒரு நாளுக்குள் பயிற்சி முடிந்திருக்க வேண்டும். பதின்மூன்று நாள் தள்ளினால் அவளுக்கு அந்த நாள் போய்விடும். அதாவது ஓர் ஆண்டு போய்விடும்.

அன்று மதியமே அவள் வந்து நின்றாள். "சார், லீவுன்னு சொல்றாங்க. நான் எங்க சார் போனேன்? மூணாம் நம்பர் ரூம்லதான இருந்தேன்? நீங்கதான டெய்லி போன் பண்ணி டெம்பரேச்சர் கேட்டீங்க?"

"பாக்கலாம்மா. சிஸ்டத்துல ஏதோ குழப்பம்," என்றேன்.

சிஸ்டம் என்று சொன்னால் யாரும் மேலே கேட்க மாட்டார்கள். முப்பத்திரண்டு ஆண்டுகளில் நான் கற்ற மிகப் பயனுள்ள சொல் அது. அந்தச் சிஸ்டம் சட்டைப் பையில் கண்ணாடி வைத்துக்கொண்டு அவள் எதிரில்தான் நின்றது என்பதை இரண்டு நாள் நான் யாரிடமும் சொல்லவில்லை. மனைவியிடம்கூட.

அந்த இரண்டு நாளும் வழி தேடினேன். எனக்குத் தெரியாத நடைமுறையா? தனிமைக் காலம் பணிக்காலமே என்று ஒரு சுற்றறிக்கை இருந்தது. ஆனால் விண்ணப்பித்து எடுத்த விடுப்புக்கு அது பொருந்தாது என்று நிர்வாக அதிகாரி சொன்னார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். உதவியாளர் அம்மா குரலைத் தாழ்த்தி, "அந்த ரெண்டு லெட்டரையும் எடுத்துட்டா என்ன சார்? புதுப் படிவத்துல பழைய தேதி போட்டு வாங்கிடலாம்," என்றார். நல்ல மனசுக்காரர். ஆனால் அந்தக் கோப்பில் ஒவ்வொரு தாளுக்கும் பக்க எண் போட்டு, கடைசிப் பக்கத்தில் மொத்தத்தை எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தது நான்தான். யாரும் தாளை உருவிவிடக் கூடாது என்று.

இரண்டாம் நாள் மாலை அவளுடைய அப்பா கேட்டருகே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். என்னைக் கண்டதும் மடித்துக் கட்டியிருந்த கைலியை இறக்கிவிட்டார்.

"ஏதோ லீவு மேட்டர்னு சொல்லிச்சு சார். அது லீவே போடாத பொண்ணு சார். ஸ்கூல்லயே போடாது."

"தெரியும்," என்றேன்.

"ஒரு வருஷம் போனாலும் பரவால்லப்பான்னு எங்கிட்ட சொல்லுது. ராத்திரில ஒக்காந்து அழுவுது."

அவர் என்னைக் குற்றம் சாட்டவில்லை. தனக்குத் தெரிந்த ஒரே பெரிய மனிதர் என்கிற முறையில் என்னிடம் சொன்னார். பேருந்தில் வீடு வந்து சேரும்வரை அந்த மரியாதை என்கூடவே வந்தது.

மறுநாள் காலை கோப்பைத் திறந்து குறிப்பு எழுத உட்கார்ந்தேன். அலுவலகக் குறிப்பில் 'நான்' என்ற ஆள் கிடையாது. 'கவனக்குறைவு ஏற்பட்டுள்ளதாகக் காணப்படுகிறது' என்று எழுதுவோம். மழை பெய்வதுபோல் கவனக்குறைவும் தானாக ஏற்படும். முதலில் அப்படித்தான் எழுதினேன். படித்துப் பார்த்தால், தவறு பெண்ணுடையதா, அலுவலகத்துடையதா, வானிலையுடையதா என்று தெரியவில்லை. அந்தச் சந்தேகத்தை வைத்தே கோப்பைத் திருப்பி அனுப்பலாம். நானே அப்படி எத்தனையோ கோப்புகளைத் திருப்பியிருக்கிறேன்.

அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எழுதினேன். விடுப்பு விண்ணப்பத்தை மாதிரியாக வைத்து இந்தப் படிவத்தைத் தயாரித்தவன் நான். விடுப்பு கோரும் வரியை நீக்காமல் விட்டதும் நான். கையெழுத்திட்ட ஐம்பது பேரில் யாரும் விடுப்புக் கேட்கவில்லை. அவர்களை அந்த விடுதிக்கு அனுப்பியது கல்லூரி. பதினொரு வரி. கீழே என் பெயரும் பழைய பதவியும்.

டீன் அம்மா இரண்டு முறை படித்தார். "'நான்'னே எழுதிட்டீங்களே சார். விளக்கம் கேட்டா?"

"கேட்கட்டும் மேடம். ரிட்டயர் ஆனவனுக்கு என்ன, பிரமோஷனையா நிறுத்துவாங்க?"

அவர் சிரிக்காமல் கையெழுத்துப் போட்டார். முடிவு சொல்ல வேண்டியது பல்கலைக்கழகம் என்பதால் அன்றே கோப்பு அங்கே போயிற்று. அவள் பயிற்சி முடிக்க வேண்டிய கடைசி நாளுக்கு ஒன்பது நாள் இருந்தது. ஆறு நாள் பதில் இல்லை. அந்த ஆறு நாளும் தபால் கொண்டுவருபவரை நான் பார்த்த பார்வையில் அவர் பயந்துபோய், "உங்களுக்கு ஒண்ணும் இல்ல சார், வந்தா ஓடியாந்து குடுக்கறேன்," என்றார். ஏழாம் நாள் மின்னஞ்சல் வந்தது. தனிமைப்படுத்தப்பட்ட நாட்களைப் பணிக்காலமாகக் கருதலாம் என்று ஒரே வரி. விளக்கம் எதுவும் கேட்கவில்லை. என் பதினொரு வரியை அவர்கள் முழுதாகப் படித்தார்களா என்பதே சந்தேகம்தான்.

உதவியாளர் அம்மா அதை உரக்கப் படித்து முடிப்பதற்குள் நான் கணினி முன் உட்கார்ந்துவிட்டேன். சான்றிதழை நானே தட்டச்சு செய்தேன். இந்த முறை புது ஆவணம், காலிப் பக்கத்திலிருந்து. மூன்று முறை சரிபார்த்தேன்.

வாங்க வந்தவள் முதலில் தேதியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "அந்த ஃபார்ம் தயார் பண்ணது நீங்களா சார்? டீன் மேடம் சொன்னாங்க."

"ஆமாம்மா. அன்னிக்கே சொல்லியிருக்கணும். சொல்லல. தப்புதான்."

"ரெண்டு நாள் தூங்கல சார் நானு."

"நானும்தான்."

"உங்களுக்கு வயசாச்சு, தூக்கம் வராது. எனக்கு வரும் சார்." சொல்லிவிட்டுச் சான்றிதழை மறுபடி பார்த்தாள். "ஆபரேஷனுக்கு முன்னாடி பேஷன்ட் வீட்ல இருக்கறவங்ககிட்ட, படிச்சிட்டுக் கையெழுத்து போடுங்கன்னு டெய்லி சொல்றோம். ஐம்பது பேருல ஒருத்தர்கூடப் படிக்கல பாருங்க சார், நாங்க."

அவள் வெளியே போய்ப் படியில் நின்றபடி அப்பாவைத் தொலைபேசியில் அழைத்தாள். கதவு திறந்திருந்ததால் கேட்டது. "வந்துட்டுதுப்பா. தேதி சரியா போட்டிருக்கு. இல்லப்பா, ஒரு நாளும் தள்ளல." கொஞ்ச நேரம் மறுமுனையில் அவர் ஏதோ பேசினார். பிறகு அவள், "சரிப்பா, சொல்றேன்," என்று கதவு வழியாகத் தலையை நீட்டினாள்.

"சார், அப்பா உங்களுக்கு நன்றி சொல்லச் சொல்றாரு."

"படிவம் தயார் பண்ணது நான்தான்னு அவருக்குத் தெரியுமா?"

"இன்னும் சொல்லல சார்."

"சொல்லிட்டு அப்புறம் கேளு."

சொன்னாள். தொலைபேசியைக் காதோடு அழுத்திக் கேட்டாள். பிறகு அவள் முகத்தில் சிரிப்பு வந்தது. "பரவால்ல, இருந்தாலும் சொல்லுன்றாரு," என்றாள்.