நான் போட்ட வீட்டோ

லண்டனில் எத்தனையோ தமிழ்ச் சங்கங்களுக்கு எத்தனையோ தலைவர்கள் இருந்திருக்கிறார்கள். அமெரிக்க ஜனாதிபதியின் அதிகாரத்தோடு இருந்தவன் நான் ஒருவன்தான். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். மனோர் பார்க்கில் சொந்தமாக மரக்கறிக் கடை போட்டதும், எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பைத் தொடக்கியதும் நானே. எண்பதுகளின் கடைசியில் அந்த வகுப்புக்கு ஒரு சங்கம் தேவைப்பட்டது. நாங்கள் நாலு பேர் கூடினால் முதலில் எழுதுவது சங்கத்தின் சட்டதிட்டமான யாப்புத்தானே.

செயலாளர் படித்தவர், கவுன்சிலில் வேலை. அவர் எழுதி வந்த யாப்பில், தலைவருக்குக் கூட்டத்தைத் தொடக்குவதையும் முடிப்பதையும் தவிர வேறு வேலை இல்லை. எனக்கு அது சரிவரவில்லை. கடைக்குக் கத்தரிக்காய் வாங்க வரும் தமிழ்நாட்டு டாக்டர் ஒருவரிடம், உலகத்திலேயே அதிகாரம் கூடிய தலைவர் யார் என்று கேட்டேன். அவர் பையைக் கீழே வைத்துவிட்டு அரை மணித்தியாலம் விளக்கினார். அமெரிக்க ஜனாதிபதி தன் அமைச்சர்களைத் தானே தெரிவு செய்வார், செனட் சபை சம்மதிக்க வேண்டும். படைகளுக்கும் அவரே தலைவர். சட்டம் இயற்றுவது காங்கிரஸ். பிடிக்காத சட்டத்தை அவர் காரணம் எழுதித் திருப்பி அனுப்பலாம். அதுதான் வீட்டோ.

“ஆனா மூணுல ரெண்டு பங்கு பேர் மறுபடி ஓட்டுப் போட்டா அது சட்டம்தான். அப்புறம் பிடிக்குதோ இல்லையோ, அதை நடத்தி வைக்கிறது அவர் பொறுப்பு,” என்றார் டாக்டர்.

படை எங்களுக்குத் தேவைப்படவில்லை. வீட்டோவை மூன்றில் இரண்டு பங்கோடு அப்படியே யாப்பில் போடச் சொன்னேன். என்னைத் தவிர குழுவில் ஒன்பது பேர். எனக்கு எதிராக ஆறு கை எழும்புமா என்ற துணிவு.

“இலங்கையில ஜனாதிபதிக்குப் பயந்து ஓடிவந்த சனத்துக்கு இங்கையும் ஒரு ஜனாதிபதியோ, அண்ணை?” என்றார் செயலாளர். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். யாப்பு நிறைவேறியது.

மூன்று வருடம் வீட்டோவுக்கு வேலை வரவில்லை. பிறகு ஒரு குளிர்காலத்தில், வகுப்பை ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு மாற்ற வேண்டும் என்று செயலாளர் பிரேரணை கொண்டுவந்தார். ஐந்துக்கு நாலு என்று அது நிறைவேறியது. அதுவரை வகுப்பு நடந்தது என் கடைக்குப் பின்னால் இருந்த பழைய தேவாலய மண்டபத்தில். என் உடைந்த ஆங்கிலத்தில் பாதிரியாரிடம் பேசி நான் பிடித்த இடம். வகுப்பு அங்கிருந்து போனால், அதைத் தொடக்கியது யார் என்பதைச் சனம் மறந்துவிடும் என்று பயந்தேன். அதை ஒருவருக்கும் சொல்லவில்லை.

வீட்டோ போட்டேன். காரணங்களை நானே என் கையால் ஒரு பக்கம் எழுதினேன். கோயில் கிட்ட, பஸ் கிட்ட, தெரிந்த இடம். அமெரிக்க ஜனாதிபதிக்குப் பத்து நாள் தவணையாம், எனக்கு மூன்று நாள் போதுமாக இருந்தது.

அடுத்த கூட்டத்தில் மறுபடி வாக்கெடுப்பு. பழைய ஐந்து கைகள்தான் எழும்பின. கதிரையில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தேன். அப்போது என் மனைவி பேசினார். சின்னப் பிள்ளைகளுக்கு அரிவரி சொல்லிக் கொடுப்பவர், குழுவிலும் ஒருவர். முதல் தடவை எனக்காகக் கையை மடியிலேயே வைத்திருந்தவர்.

“இஞ்சேருங்கோ, அந்த மண்டபக் குளிரில பிள்ளையள் கையுறையோடதான் பென்சில் பிடிக்குதுகள். கழட்டச் சொல்ல எனக்கு மனம் வரேல்லை,” என்று சொல்லிவிட்டுக் கையை உயர்த்தினார்.

“ஆறு, அண்ணை,” என்றார் செயலாளர் மெதுவாக.

நான் பதவியை விட்டுவிடுவேன் என்று அவர்கள் நினைத்திருக்க வேண்டும், ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கு டாக்டர் சொன்னதுதான் ஞாபகம் வந்தது.

“சனிக்கிழமை காலமை சாமான் ஏத்த நான் கடை வான் கொண்டு வாறன்,” என்றேன்.

கடை வானில் கரும்பலகையையும் குட்டிக் கதிரைகளையும் ஏற்றினேன். கரும்பலகையின் முன்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு புது வகுப்புக்குள் முதல் ஆளாகப் போனதும் நான்தான். கொஞ்ச நேரத்தில் ஹீட்டரின் மேல் சின்னச் சின்னக் கையுறைகள் வரிசையாகக் கிடந்தன.

அடுத்த கிழமை டாக்டர் வந்து, வீட்டோ என்ன ஆச்சு என்று கேட்டார்.

“தோத்துப்போச்சு டாக்டர்,” என்றேன். “ஆனா முடிவை ஒரு குறையில்லாமல் நடத்தி வைச்சிருக்கிறன். ஒருக்கா வந்து பாருங்கோ.”