கருடன் படமும் கள்ளக் கொப்பியும்

லிந்துலை கடைவீதியில் மருந்துக்கடைக்கு மேல்மாடியில் மாயாண்டியின் ஸ்டூடியோ இருக்கிறது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். தேயிலைத் தோட்டத்தில் புல்லு வெட்டி, பிறகு ஒரு கல்யாணப் படக்காரருக்கு லைட் பிடித்து, அப்படியே கெமராவைக் கையில் வாங்கிக்கொண்டவர். அடையாள அட்டைக்கு எடுத்த முகத்தையே பிற்காலத்தில் மாலை போட்ட படத்துக்கும் வெட்டிக் கொடுப்பார். கொம்பியூட்டரைப் போடுமுன் செருப்பைக் கழற்றி வைப்பார். பல வருடம் பழகியும் அதன் மேல் இருந்த ஆச்சரியம் அவருக்குக் குறையவில்லை. ஒரு தோட்டத்துச் சனம் முழுவதும் அதனுள்ளே இருக்கும் உள்ளங்கை அளவு பெட்டிக்குள் அடங்கிக் கிடப்பது என்ன சாதாரண காரியமா?

ஆவணி மாதம் தோட்டத்து மேல் டிவிசன் மாரியம்மன் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் வந்தது. விடியலிலிருந்தே மூட்டம். குருக்கள் கலசத்தில் தண்ணீர் ஊற்றக் கையை உயர்த்திய நேரம் பார்த்து மூட்டம் விலகி ஒரு துண்டு வானம் தெரிந்தது. அதற்குள் ஒரு கருடன். அத்தனை சனத்தின் கையும் தலைக்கு மேலே போய்விட்டது. போனைத் தூக்க யாருக்கும் தோன்றவில்லை. மாயாண்டிக்கும் கும்பிடத்தான் கை துடித்தது. கெமரா இருந்த கை எப்படி அழுத்தியது என்று அவருக்கே தெரியாது. விழுந்தது ஒரே படம். கீழே தண்ணீர் வழியும் கலசம், மேலே இறகு விரித்த கருடன். அடுத்த கணம் மூட்டம் மூடிக்கொண்டது.

தோட்டத்துத் தலைவர் செல்லசாமி அன்றைக்கே சொல்லிவிட்டார். "மண்டலாபிஷேகம் முடியிற அன்னைக்கு அந்தப் படத்தப் பெருசா சட்டம் போட்டுக் கொண்டாங்க. அம்மன் முன்னால மாட்டுவோம். அதுவரைக்கும் யாருக்கும் காட்டாதீங்க."

மாயாண்டி ஒருவருக்கும் காட்டவில்லை. கொம்பியூட்டரில் ஒன்று, அலுமாரியில் இருக்கும் தனி ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று என்று போட்டு வைத்தார்.

அவருக்கு ஒரு ஆசை இருந்தது. சின்ன வயதில் பஸ் டிரைவராக வேண்டும் என்று நினைத்தவர். வேலை இல்லாத மத்தியானங்களில் கொம்பியூட்டரில் பஸ் ஓட்டும் கேம் விளையாடுவார். கினிகத்தேனை வளைவு மாதிரியே வளைவுகள் உள்ள ஒரு புதுக் கேம் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டார். காசு கொடுத்து வாங்க வேண்டியது இன்டர்நெட்டில் ஓரிடத்தில் சும்மா கிடைத்தது. இறக்கினார். வைரஸ் காவலை நிறுத்திவிட்டுத் திறக்கும்படி அதில் வந்தது. அவரும் நிறுத்தினார். படம் திருத்தும் சொப்ட்வெயாரைப் போட்ட போதும் அப்படித்தானே செய்தார். பஸ் நன்றாகவே ஓடியது.

இரண்டு நாளில் ஆயுத பூசை. கெமராவுக்கும் லைட்டுக்கும் சந்தனப் பொட்டு வைக்கலாம். கொம்பியூட்டருக்கு வைத்தால் ஈரம் உள்ளே போய்விடும். அதனால் அவர் திரையில் சரஸ்வதி படத்தைப் போட்டு, பெட்டியை அணைக்காமலே பூசை செய்வார். வருடம் முழுக்க அலுமாரியில் தூங்கும் ஹார்ட் டிஸ்க்கும், இருக்கிற பென் டிரைவ் எல்லாமும் அன்றைக்கு அதில் சொருகப்படும். எல்லாவற்றுக்கும் ஒரே ஆராத்தி. பிறகு ஆயுதங்களை அசைக்கக் கூடாது என்று அப்படியே விட்டுக் கதவைப் பூட்டினார்.

காலையில் மனைவி வினோதாவோடு வந்து திறந்தபோது திரையில் சரஸ்வதி இல்லை. சிவப்பு நிறத்தில் இங்கிலீஷ் எழுத்து. வினோதா ஓ.எல். பரீட்சை வரைக்கும் படித்தவள்.

"நம்ம படம் எல்லாத்தயும் பூட்டிட்டாங்களாம். காசு அனுப்புனா திறப்பு தருவாங்களாம்."

"யாரு?"

"பேரு போடலங்க."

மாயாண்டி கதவைப் பார்த்தார். பூட்டு பூட்டியபடி இருந்தது. ஜன்னலும் அப்படியே. மலை ஏறாமல், கதவைத் தொடாமல், எங்கேயோ இருக்கும் ஒருவன் சாமிக்கு முன்னால் வைத்த அத்தனையையும் வாரிச் சுருட்டியிருக்கிறான். பயத்தை விட ஆச்சரியம்தான் முதலில் வந்தது. கருடன் நினைவு வந்ததும் வயர்களைக் கழற்றத் தொடங்கினார்.

தலவாக்கலையில் கொம்பியூட்டர் திருத்தும் சிப்னாஸிடம் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போனார்கள். சிப்னாஸ் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தான்.

"அண்ணே, கள்ளன் கதவ உடைச்சு வரல்ல. நீங்கதான் காவல்காரன வீட்டுக்கு அனுப்பிட்டு உள்ள கூப்பிட்டிருக்கீங்க. அந்தக் கேமுக்குள்ளதான் இருந்திருக்கான்."

"தனி டிஸ்க்ல இருக்கே தம்பி?"

"அதையும் சேத்துத்தானே சொருகி வச்சீங்க. அலுமாரில கெடந்திருந்தா தப்பியிருக்கும்."

"காசு குடுத்தா?"

"குடுத்தாலும் திறப்பு தருவான்னு யாரு சொன்னது? உங்க பாஸ்வேர்ட் எல்லாத்தயும் மாத்துங்க. ஆளுங்கட அடையாள அட்டைப் படமெல்லாம் இதுல இருக்கே, அதயும் எடுத்திருப்பானோ தெரியாது. இன்னொன்னு சொல்லவா? படம் திருத்துற சொப்ட்வெயாரும் கள்ளக் கொப்பிதானே. கம்பெனிக்காரன் வழக்குப் போட்டா மிஷினையும் தூக்கிருவாங்க. அபராதம் இருக்கு, மறியலுக்கும் போக வேண்டி வரும்."

தோட்டத்து விறகுக் குச்சியைக் கூட, மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கையாவைக் கேட்காமல் எடுக்காதவர் மாயாண்டி. யாரோ இரவும் பகலும் உழைத்துச் செய்ததை எடுத்து, அதிலேயே சாமி படம் திருத்தி, அதற்கே கற்பூரமும் காட்டியிருக்கிறார்.

"கும்பாபிஷேகம் எடுத்த மெமரி கார்ட் எங்க?" என்று சிப்னாஸ் கேட்டான்.

"கெமராலதான் இருக்கு. அழிச்சுட்டேனே. அதுக்கப்புறம் ஒரு சடங்கு வீடும் எடுத்தேன்."

"அழிச்சது உடனே போயிராது அண்ணே. மேல வேற எழுதுற வரைக்கும் கெடக்கும்."

அவன் கார்டைச் சொருகினான். அழித்த படங்கள் ஒவ்வொன்றாக எழும்பி வந்தன. குருக்கள், யாகம், நனைந்த குடைகள். மாயாண்டி கைகட்டி நின்று பார்த்தார். போனது என்று தலை முழுகியவை எந்த இருட்டில் இருந்து திரும்பி வருகின்றன? பிறகு அது வந்தது. மேல் பாதியில் கருடன், இறகு இறகாக. கீழ்ப் பாதி வெறும் சாம்பல் நிறம். கலசம் இல்லை.

"சடங்கு வீடு அதுக்கு மேல ஏறிட்டு," என்றான் சிப்னாஸ்.

மண்டலாபிஷேகம் முடிந்த அன்று, சட்டம் போட்ட கருடனைத் துணியில் சுற்றிக்கொண்டு மாயாண்டி கோயிலுக்குப் போனார். சிப்னாஸ் காட்டிய இலவசமான, கள்ளமில்லாத சொப்ட்வெயாரில் சாம்பலை வெட்டி எடுத்திருந்தார். கலசத்தை வேறு படத்திலிருந்து ஒட்டியிருக்கலாம். கை வரவில்லை. பந்தலில் எழுந்து நின்று நடந்ததை ஒளிக்காமல் சொன்னார்.

சனம் சலசலத்தது. செல்லசாமி சால்வையை உதறினார்.

"சரஸ்வதிக்கே கள்ளக் கொப்பி படைச்சிருக்கியேப்பா. அந்தம்மா சும்மா இருப்பாளா?"

சிரிப்பு எழுந்தது. மாயாண்டியும் தலை குனிந்தபடி சிரிக்கப் பார்த்தார், வரவில்லை.

"கலசம் இல்லாத படத்த அம்மன் முன்னால எப்பிடி மாட்டுறது?" என்று செல்லசாமி கேட்டார். இப்போது அவர் சிரிக்கவில்லை.

முன்வரிசையில் இருந்த பேச்சியம்மா கொழுந்து பறித்துக் கறுத்த விரலால் படத்தின் ஓரத்தைத் தொட்டாள். கும்பாபிஷேகத்தன்று அவள் கண்ணை மூடிக் கும்பிட்டவள். கருடனைப் பார்த்ததே இல்லை.

"கலசந்தான் மேலயே நிக்குதே தலைவரே, நிமிந்தா தெரியுது," என்றாள். "வந்துட்டுப் போனது இதுதானே. மாட்டுங்க தம்பி, நா இன்னைக்காவது பாத்துக்கிறேன்."

செல்லசாமி கோபுரத்தை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஆணி எடுத்துவரச் சொன்னார்.